உங்கள் இணையதளம் யார் பேரில் இருக்கிறது?

கடைத்தெருவில் ஒரு கடை, அதன் மேல் ஒரு பெயர்ப் பலகை, வாசலில் நாலு வாடிக்கைக்காரர்கள். வியாபாரம் என்றால் இவ்வளவுதான் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போதோ அடுக்களையில் மசாலா அரைத்து விற்கிற பெண்மணியிடமும், கூடத்தில் தையல் மெஷின் போட்டிருக்கிற பெண்மணியிடமும், "உங்களுக்கு வெப்சைட் இருக்காம்மா?" என்று கேட்கிறார்கள். "இல்லீங்க" என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. உடனே யாரையாவது பிடித்து, கேட்ட பணத்தைக் கொடுத்து, ஒன்றைச் செய்து வாங்கிவிடுகிறோம்.

சகோதரிகளே, கால் பவுன் கம்மல் வாங்கினால்கூட முத்திரை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். புடவை எடுத்தால் முந்தானையை முழுக்க விரிக்கச் சொல்கிறோம். மனை வாங்கினால் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. இணையதளம் விஷயத்தில் மட்டும், "அந்தப் பையன் எல்லாம் பாத்துப்பான்" என்று விட்டுவிடுகிறோம். அதனால் என்ன ஆகும் என்பதை எங்கள் குடும்பத்திலேயே பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திருவொற்றியூர். தெற்கே ராயபுரமும் காசிமேடும், மேற்கே மணலி, வடக்கே எண்ணூர். துறைமுகம், லாரி, தொழிற்சாலைச் சங்கு இவற்றோடு வளர்ந்த ஜனங்கள் நாங்கள். பெரிய கம்பெனிகளின் பெயரைச் சொல்லித்தான் இந்தப் பக்கத்தை வெளியூர்க்காரர்கள் அடையாளம் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெரிய பெயர்களும் சிறிதாகத்தான் தொடங்கின. இன்று உலகமெல்லாம் டயர் விற்கும் எம்.ஆர்.எஃப். நிறுவனம், 1946-இல் இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகள் ஊதும் பலூன் செய்து ஆரம்பித்ததுதான். ஆகவே, ஆறு மெஷின் போட்டு நடத்துகிற தொழிலை யாரும் அற்பமாக நினைக்க வேண்டாம்.

என் நாத்தனார் வைத்திருப்பது அப்படி ஆறு மெஷின்தான். காலாடிப்பேட்டையில் வீட்டு மாடியில் வைத்துத் தொழிலாளர்களுக்கான காக்கி உடுப்பு, மேலங்கி, குல்லாய் எல்லாம் தைத்துக் கொடுக்கிறாள். நாலு பெண்கள் அவளிடம் வேலை செய்கிறார்கள். மணலி, எண்ணூர் பக்கத்துக் காண்டிராக்டர்கள்தான் வாடிக்கை. "கொள்முதல் ஆபீசர்ங்க வெப்சைட் கேக்கறாங்க அண்ணி" என்று சொல்லி, ஒரு சிறிய நிறுவனத்திடம் கொடுத்து இணையதளம் செய்துகொண்டாள். அழகாகத்தான் செய்திருந்தார்கள். உடுப்புகளின் படம், துணியின் விவரம், விசாரிக்க ஒரு மெயில் முகவரி எல்லாம் இருந்தது. வருஷா வருஷம் அவர்கள் கேட்ட தொகையைத் தவறாமல் கட்டியும் வந்தாள். அதைப் பார்த்து ஆர்டரும் வந்தது.

நாலாவது வருஷம் ஒரு கம்பெனியிலிருந்து போன். "என்னம்மா இது, உங்க வெப்சைட்டைத் திறந்தா சீட்டாட்ட விளம்பரம் வருதே? நீங்க தையல்காரங்கதானே?" என்று கேட்டாராம் அந்த ஆபீசர்.

பதறிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். "இன்னா பண்றதுன்னே தெரியல அண்ணி! அந்தப் பையன் நம்பர் சுவிட்ச் ஆஃப். ஆபீஸ்ல வேற யாரோ ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காங்க."

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. இணையதளத்தின் பெயரை அந்த நிறுவனத்தார் தங்கள் பேரிலேயே பதிவு செய்திருந்தார்கள். தொடர்புக்குக் கொடுத்திருந்ததும் அவர்களுடைய மெயில் முகவரி. கெடு முடியப் போகிறது, புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று வந்த எச்சரிக்கையெல்லாம் அங்கேதான் போயிருக்கிறது. நிறுவனத்தை மூடிவிட்டுப் போனவர்கள் பார்க்கவில்லை. கெடு முடிந்த பெயரை வேறு யாரோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டுவிட்டார்கள். இணையதளம் போனதோடு, அதே பெயரில் இருந்த மெயிலும் போயிற்று. மூன்று வாரம் விலை கேட்டு வந்த கடிதங்கள் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது. நாலு பெண்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டிய ஒருத்தியின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்!

பெயர், மனை, வீடு, பூட்டு

இந்த இணையம் என்பதே யாரோ ஒருவர் வீட்டுச் சொத்து என்று பயப்பட வேண்டாம். 1989-இல் ஜெனீவாவில் இருக்கும் செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் யோசனை சொன்னார். 1991-இல் உலகத்தின் முதல் இணையதளம் வெளியாருக்குத் திறந்தது. 1993 ஏப்ரல் 30-ந் தேதி செர்ன் அந்த வித்தையை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்துவிட்டது. நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 முதல் பொதுமக்களுக்கு இணைய இணைப்புக் கிடைத்தது.

ஓர் இணையதளத்துக்கு நாலு அங்கம் உண்டு. வீடு கட்டுவதோடு ஒப்பிட்டால் சுலபமாகப் புரியும்.

முதலாவது, பெயர். இதை டொமைன் என்பார்கள். டாட் காம், டாட் இன் என்று முடிவது இதுதான். வீட்டுக்குக் கதவு இலக்கம் மாதிரி. இதை விலைக்கு வாங்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாது. ஒரு வருஷம் முதல் பத்து வருஷம் வரை பதிவு செய்து, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, மனை. ஹோஸ்டிங் என்பது இது. உங்கள் படங்களும் எழுத்தும் இருபத்து நாலு மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் தங்கியிருக்க வேண்டும். அதற்கு வாடகை.

மூன்றாவது, வீடு. பக்கங்களின் அமைப்பு, வர்ணம், எழுத்து, படம். இதைத்தான் டிசைன் என்று கூலி கொடுத்துச் செய்கிறோம்.

நாலாவது, பூட்டு. முகவரியின் முன்னால் 'ஹெச் டி டி பி எஸ்' என்று வருகிறதே, அதில் கடைசி 'எஸ்' எழுத்துத்தான் பூட்டு. வருகிறவர் எழுதும் போன் நம்பரும் விலாசமும் நடுவழியில் பிறர் கண்ணில் படாமல் காப்பது. இது இல்லாத தளத்தைத் திறந்தால் 2018 ஜூலை முதல் கூகுள் குரோம், 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது. இந்தப் பூட்டை இலவசமாகவே கொடுக்கும் 'லெட்ஸ் என்க்ரிப்ட்' போன்ற பொதுச் சேவைகள் இருக்கின்றன. ஆகவே இதற்கென்று தனியாகப் பெரிய தொகை கேட்டால், ஏன் என்று கேளுங்கள்.

இந்த நாலில் மனையை மாற்றலாம், வீட்டை இடித்துக் கட்டலாம், பூட்டை மாற்றலாம். பெயர் போனால்தான் எல்லாமே போனது. பெட்டியில், பில்லில், விசிட்டிங் கார்டில் அச்சடித்திருப்பது அந்தப் பெயரைத்தானே?

பெயர் உங்கள் பேரில் வேண்டும்

டிசைன் செய்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, சொந்தத் தம்பியாகவே இருந்தாலும் சரி, பதிவு செய்யும் இடத்தில் உரிமையாளர் என்ற கட்டத்தில் உங்கள் பெயரோ, உங்கள் தொழிலின் பெயரோ இருக்க வேண்டும். மெயிலும் போன் நம்பரும் உங்களுடையதாக இருக்க வேண்டும். அந்த மெயிலும் அதே டொமைனில் இருக்கக் கூடாது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளே வைத்துப் பூட்டினால் எப்படித் திறப்பது?

டாட் காம் போன்ற பெயர்களுக்குக் கெடு முடிவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் உரிமையாளருக்கு நினைவூட்ட வேண்டும் என்பது ஐகான் என்ற உலக அமைப்பின் விதி. கெடு முடிந்து பெயர் நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்பு அவகாசம் உண்டு. ஆனால் அபராதம் போல அதிகக் கட்டணம் கேட்பார்கள். அதற்கும் பிறகு 5 நாள் கழித்து, முந்தினவருக்குத்தான் பெயர். வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள நினைத்தால், அதற்கான ரகசியக் குறியீட்டை உரிமையாளர் கேட்ட 5 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். இந்தச் சலுகைகள் எல்லாம் உரிமையாளருக்குத்தான். என் நாத்தனார் காகிதத்தில் உரிமையாளரே இல்லை!

"கேஸ் போட்டு வாங்க முடியாதா?" என்று கேட்டாள். வழி இருக்கிறது. ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் புகார் கொடுக்கலாம். ஒரு நடுவர் விசாரிக்கக் கட்டணம் 1,500 அமெரிக்க டாலர். அதிலும் அந்தப் பெயரில் நமக்கு வியாபாரக் குறி உரிமை இருப்பதைக் காட்ட வேண்டும். "அந்தத் துட்டுல இன்னொரு மெஷினே வாங்கிடலாம் அண்ணி" என்றாள். அதுவும் நியாயம்தான்.

டாட் இன் பெயர்களைக் கவனிப்பது நம் நாட்டின் நிக்ஸி என்ற அமைப்பு. 2005 முதல் இவை எல்லோருக்கும் தாராளமாகக் கிடைக்கின்றன. புதிதாக வாங்கும்போது முதல் வருஷத்துக்கு மட்டும் மலிவாகக் காட்டி, அடுத்த வருஷம் கூட்டிக் கேட்பவர்கள் உண்டு. ஆகவே புதுப்பிக்கும் கட்டணத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

காலாடிப்பேட்டை சொல்லும் பாடம்

என்ன பெயர் வைப்பது? எங்கள் காலாடிப்பேட்டையின் கதையைக் கேளுங்கள். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்ற ஆங்கிலேயர், நெசவாளர்களைக் குடியேற்றி ஒரு பேட்டை அமைத்தார். காலெட் பேட்டை, ஜனங்கள் வாயில் காலாடிப்பேட்டை ஆகிவிட்டது. கவர்னர் பெயருக்கே அந்தக் கதி என்றால் நம் கடைப் பெயர் எம்மாத்திரம்?

திருவொற்றியூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுத 'டி' போதும் என்பார் ஒருவர், 'டி ஹெச்' போட வேண்டும் என்பார் இன்னொருவர். நடுவில் வரும் 'ற்றி'க்கு ஆளுக்கொரு எழுத்து. இப்படிப்பட்ட பெயரை இணையதளத்துக்கு வைத்தால் பாதிப் பேர் வேறு வாசலைத் தட்டுவார்கள். பெயர் சிறியதாக இருக்கட்டும். போனில் ஒரு தடவை சொன்னால் எதிரில் இருப்பவர் சரியாக எழுதிக்கொள்கிறாரா என்று நாலு பேரிடம் சோதித்துப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

'டாட் இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகளும் இருக்கின்றன. பார்க்கவே மனதுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் சில பழைய மெயில் வசதிகள் அவற்றை இன்னும் ஏற்பதில்லை. ஆசைக்கு அதையும் வைத்துக்கொண்டு, ஆங்கில எழுத்தில் ஒன்றும் கூடவே வைத்துக்கொள்வது நல்லது.

பணம் கொடுக்கும் முன்

வாய்ப்பேச்சாக எதையும் விடாதீர்கள். ஒரு முழுத்தாள் போதும். எத்தனை பக்கம், என்றைக்குத் தருவார், எத்தனை தடவை திருத்தித் தருவார், பிறகு வருஷத்துக்கு என்ன செலவு, பழுதானால் எத்தனை நாளில் சரி செய்வார் என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தொகையை மூன்றாகப் பிரித்து, ஆரம்பத்தில் ஒன்று, மாதிரி காட்டியதும் ஒன்று, சாவியெல்லாம் கைக்கு வந்ததும் ஒன்று என்று கொடுங்கள். சாவி என்றால் டொமைன் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு, தளத்தின் உள்ளே நுழையும் கணக்கு ஆகியவற்றின் பாஸ்வேர்டுகள்.

முக்கியமான ஒரு சட்ட விஷயம். 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலை நிமித்தம் செய்தது முதலாளிக்குச் சொந்தம். ஆனால் வெளியாள் ஒருவரிடம் கூலி கொடுத்துச் செய்து வாங்கிய இணையதளத்தின் எழுத்தும் நிரலும், பணம் கொடுத்ததாலேயே நமக்குச் சொந்தமாகிவிடாது. உரிமையை எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாமல் விட்டால் ஐந்து வருஷத்துக்குத்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே, "முழு உரிமையும் காலவரையின்றி, உலகம் முழுவதற்கும்" என்ற வரி அந்தத் தாளில் இருக்கட்டும்.

இந்த வேலைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். ஆனால் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் அந்த வரியை உங்களிடம் வசூலிக்கக் கூடாது. பில்லில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

"கூகுள்ல உங்களை முதல் இடத்துக்குக் கொண்டு வர்றேன், கேரண்டி" என்று யாராவது சொன்னால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள், பணம் கொடுக்காதீர்கள். அப்படி உத்தரவாதம் தர யாராலும் முடியாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது. விளம்பரத்துக்குக் காசு கட்டலாம். அது விளம்பரம் என்ற முத்திரையோடு வரும். சாதாரணத் தேடலில் இடம் காசுக்குக் கிடைப்பதில்லை.

எல்லோருக்கும் வேண்டுமா?

தேவையில்லை. தெருவில் உள்ளவர்களுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவருக்கும், பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பவருக்கும் வாட்ஸ்அப்பும், கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வதுமே போதும். மேப்பில் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. காசிமேட்டுக் கருவாட்டை வெளியூருக்கு அனுப்புபவர், கம்பெனிகளுக்குச் சப்ளை செய்பவர், இவர்களுக்குத்தான் சொந்தத் தளம் பலன் தரும்.

இலவசமாகக் கிடைப்பதை மட்டுமே நம்பித் தொழிலை வைத்துக்கொள்ளவும் வேண்டாம். கடைகளைப் பதிவு செய்தவர்களுக்குக் கூகுள் இலவசமாக ஒரு சின்ன இணையதளமும் செய்துகொள்ள இடம் கொடுத்திருந்தது. 2024 மார்ச்சில் அந்த வசதியை நிறுத்திவிட்டது. அதை நம்பி முகவரியை அச்சடித்தவர்கள் புதிய இடம் தேட வேண்டியதாயிற்று. பிறர் திண்ணையில் கடை போட்டால், அவர் எழுந்திருக்கச் சொல்லும்போது எழுந்திருக்கத்தான் வேண்டும்.

தளத்தில் என்ன இருக்க வேண்டும்?

வருகிறவர் முதலில் பார்ப்பது மூன்றே விஷயம். என்ன செய்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள், எப்படித் தொடர்பு கொள்வது. இவை முதல் பக்கத்திலேயே தெரியட்டும். சொந்தப் பட்டறையில் எடுத்த படமே போதும். வெளிநாட்டுப் பெண்கள் சிரிக்கும் படம் நம் சரக்கை விற்காது. முக்கால்வாசிப் பேர் போனில்தான் பார்ப்பார்கள் என்பதால், போனில் திறந்து காட்டச் சொல்லிவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

கண்ணையும் கவனியுங்கள். வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தோன்றும். ஆனால் நாற்பது தாண்டியவர்கள் கண்ணாடியைத் தேட வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வேறுபாடு இருக்க வேண்டும் என்று 2008-இல் வெளியான உலக இணையக் கூட்டமைப்பின் வழிகாட்டி சொல்கிறது. தமிழில் எழுதுவதானால் யூனிகோடு எழுத்தில் போடச் சொல்லுங்கள். எழுத்தைப் படமாக ஒட்டிவிட்டால் தேடுபவர் கண்ணில் படாது. கண் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டும் கருவியாலும் படிக்க முடியாது.

தளத்திலேயே ஆர்டரும் பணமும் வாங்குவதானால், 2020-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் நமக்கும் பொருந்தும். தொழிலின் பெயர், விலாசம், தொடர்பு எண், குறை கேட்கும் அதிகாரியின் பெயர், பொருளைத் திருப்பி எடுக்கும் விதம் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்தில் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. மசாலா, ஊறுகாய் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணை மறக்க வேண்டாம். பாக்கெட்டில் அடைத்து விற்பதற்கு எடை, அதிகபட்ச விலை, தயாரித்தவர் விலாசம் ஆகியவற்றைத் தளத்திலும் காட்ட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. தளத்தில் நம்பரைப் போட்டதும், "பணம் அனுப்பறேன், ரகசிய எண்ணை அழுத்துங்க" என்று போன் வரும். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவுக்கும் அரசாங்கத் தளத்தில் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் என்றால் அது அரசாங்கத்தினுடையது இல்லை.

நாத்தனார் இப்போது டாட் இன் பெயர் ஒன்றை ஐந்து வருஷத்துக்குத் தன் பேரிலேயே பதிவு செய்திருக்கிறாள். ராயபுரத்துப் பெண் ஒருத்தி டிசைன் செய்து கொடுத்தாள். பழைய மெயில் முகவரியை வங்கி, ஜி.எஸ்.டி., கூரியர் என்று கொடுத்திருந்த இடங்களிலெல்லாம் மாற்றுவதற்கே ஒரு மாதம் ஆயிற்று. பழைய பெயர் திரும்பக் கிடைக்கவில்லை. அதைப் பார்த்து ஒதுங்கிப் போன ஒரு காண்டிராக்டரும் இன்னும் திரும்பவில்லை. மற்றவர்களை நேரில் போய்ப் பார்த்து, புது முகவரி கொடுத்துவிட்டு வந்தாள்.

ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள் இன்றைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். சமையல் முடிந்து கை துடைத்ததும் போனை எடுத்து, டிசைன் செய்தவரிடம், "தம்பி, டொமைன் யார் பேர்ல இருக்கு? கெடு என்னைக்கு முடியுது? பதிவு பண்ண கணக்கோட பாஸ்வேர்டை எனக்கு அனுப்பு" என்று மூன்றே கேள்வி கேளுங்கள். நல்லவராக இருந்தால் பத்து நிமிஷத்தில் பதில் வரும். மழுப்பினால், அவர் ஊரில் இருக்கும்போதே, போன் எடுக்கும்போதே, உங்கள் பேருக்கு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். கெடு முடியும் தேதியைச் சமையலறைக் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்திலேயே, சிவப்பு மையில் குறித்து வையுங்கள்.